12 ஆண்டு இருந்தால் நிலம் சொந்தமா? எதிரிடை அனுபவத்தை நீதிமன்றம் பார்க்கும் விதம்

‘பன்னண்டு வருஷம் அனுபவிச்சிட்டா நிலம் நமக்குத்தான், கோர்ட்டே ஒண்ணும் பண்ண முடியாது.’ ஊர்ப்பக்கம் இதைச் சொல்லாத ஆள் இல்லை. வரப்பைத் தாண்டி நட்ட தென்னையைக் காட்டியும் சொல்வார்கள், பூட்டிக் கிடக்கும் பங்காளி வீட்டைக் காட்டியும் சொல்வார்கள். இந்தப் பேச்சில் பாதி சட்டத்தில் உண்டு. மீதிப் பாதியை நம்பித்தான் பலர் வழக்கில் தோற்கிறார்கள்.

சட்டத்தில் இருக்கும் பாதியை முதலில் பார்ப்போம். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் எந்த வழக்கை எத்தனை ஆண்டுக்குள் போட வேண்டும் என்று ஒரு நீண்ட பட்டியல் தருகிறது. அதில் 65ஆவது இனம் நிலத்தைப் பற்றியது. தன் நிலத்தை இன்னொருவர் தனக்கு எதிராக அனுபவிக்கத் தொடங்கிய நாளிலிருந்து 12 ஆண்டுக்குள் உரிமையாளர் சுவாதீனம், அதாவது நிலத்தைத் தன் கைக்குத் திருப்பித் தருவதை, கேட்டு வழக்குப் போட்டுவிட வேண்டும். அரசு நிலம் என்றால் 112ஆவது இனப்படி 30 ஆண்டு. பழைய 1908ஆம் ஆண்டுச் சட்டத்தில் அரசுக்கு 60 ஆண்டு கெடு இருந்தது.

கடன் பாக்கி போன்றவற்றில் கெடு தாண்டினால் வழக்குப் போடும் வழிதான் அடைபடும். கடன் கடனாகவே இருக்கும். நிலத்துக்கு அப்படியில்லை. கெடு முடிந்ததும் உரிமையாளரின் உரிமையே அற்றுப்போகும் என்கிறது 27ஆவது பிரிவு. அற்றுப்போன உரிமை யாரைச் சேரும் என்று அந்தப் பிரிவு வாய் திறக்கவில்லை. நிலம் ஆளில்லாமல் அந்தரத்தில் நிற்க முடியாது, ஆகவே அனுபவத்தில் இருப்பவரைத்தான் சேரும் என்பது நீதிமன்றங்கள் காலங்காலமாகச் சொல்லிவந்த விடை. இப்படி வரும் உரிமைக்குத்தான் எதிரிடை அனுபவம் என்று பெயர். வக்கீல்கள் பெரும்பாலும் ‘அட்வர்ஸ் பொசஷன்’ என்றே சொல்வார்கள்.

எந்தத் தேதியில் எதிரியானீர்கள்?

மேலே சொன்னதில் ‘தனக்கு எதிராக’ என்ற சொல்லைப் பலரும் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள். வழக்கு முழுவதும் அந்தச் சொல்லில்தான் நிற்கிறது. ஒருவர் நிலத்தில் 12 ஆண்டு இருந்தாரா, 40 ஆண்டு இருந்தாரா என்பதைவிட, எந்த உரிமையில் உள்ளே வந்தார், எந்த நாளிலிருந்து ‘இது என்னுடையது, உன்னுடையது இல்லை’ என்று உரிமையாளர் அறியும்படி நடந்துகொண்டார் என்பதைத்தான் நீதிபதி தேடுவார்.

வாடகைக்கு வந்தவர் 50 ஆண்டு குடியிருந்தாலும் வாடகைதாரர்தான். நடுவில் வாடகை கொடுப்பதை நிறுத்திவிட்டால் பாக்கிதாரர் ஆவார், அவ்வளவே. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள வைத்த காவல்காரர், ஊரில் இல்லாத உறவினர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன மாமா, பவர் வாங்கிய ஏஜென்ட் எல்லோரும் அனுமதியின் பேரில் இருப்பவர்கள். அனுமதியில் தொடங்கிய அனுபவம் தானாக எதிரிடையாக மாறாது. விற்பனை ஒப்பந்தம் போட்டு முன்பணம் கொடுத்துச் சுவாதீனம் எடுத்தவருக்கும் இதே நிலைதான். பாக்கிப் பணத்தைக் கொடுத்துக் கிரயம் முடிக்கக் காத்திருப்பவர், எதிர்த்தரப்பை உரிமையாளர் என்று ஒப்புக்கொண்டுதான் உள்ளே இருக்கிறார்.

பங்காளிகளின் கதை இன்னும் சிக்கலானது. அப்பா விட்டுப்போன நிலத்தை ஊரிலிருக்கும் அண்ணன் பயிரிடுகிறார். தம்பி வெளியூரில், தங்கை கட்டிக்கொடுத்த இடத்தில். அண்ணன் ஒருவரே 30 ஆண்டு விளைச்சலை எடுத்திருந்தாலும் தம்பி தங்கையின் பங்கு போய்விடாது. கூட்டுரிமையாளர் ஒருவரின் அனுபவம் மற்ற எல்லோருக்காகவும் இருக்கும் அனுபவம் என்பதுதான் சட்டத்தின் தொடக்கப் புள்ளி. ‘உனக்கு இதில் பங்கே இல்லை’ என்று வெளிப்படையாக மறுத்து, அவர்களை விலக்கி வைத்து, அந்த மறுப்பு அவர்களுக்குத் தெரிந்த பிறகு 12 ஆண்டு ஓடியிருக்க வேண்டும். 1957லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பட்டா அண்ணன் பெயரில் மட்டும் இருக்கிறது என்பது அந்த மறுப்புக்கு ஈடாகாது. தமிழ்நாட்டில் பாகப்பிரிவினை வழக்குகளில் எழுப்பப்படும் எதிரிடை அனுபவ வாதங்கள் பெரும்பாலும் விழுவது இந்த இடத்தில்தான்.

எது எதிரிடை என்பதற்குப் பழைய ரோமானியச் சட்டத்திலிருந்து வந்த ஓர் அளவுகோல் உண்டு. பலாத்காரம் கூடாது, ஒளிவுமறைவு கூடாது, கேட்டு வாங்கிய அனுமதியாகவும் இருக்கக் கூடாது. இந்திய மேல்முறையீடுகள் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போய்க்கொண்டிருந்த 1930களிலேயே அது இங்கே ஊன்றிவிட்டது. அனுபவம் விட்டுவிட்டு இல்லாமல் தொடர வேண்டும். ஊரறிய இருக்க வேண்டும். எவ்வளவு இடத்துக்கு உரிமை கேட்கிறாரோ அவ்வளவு இடத்திலும் இருந்திருக்க வேண்டும். 2 ஏக்கரில் ஒரு மூலையில் கொட்டகை போட்டவர் 2 ஏக்கரையும் கேட்க முடியாது.

உரிமையாளர் நீங்கள்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்

புதிதாகப் படிப்பவர்களுக்கு விசித்திரமாகத் தெரியும் விஷயம் இது. எதிரிடை அனுபவம் கேட்பவர், நிலம் இன்னாருடையது என்று முதலில் ஏற்க வேண்டும். ஏனென்றால் ஒருவருடைய உரிமைக்கு எதிராகத்தான் அனுபவிக்க முடியும்.

நடைமுறையில் எதிருரை, அதாவது பிரதிவாதியின் பதில், எப்படி எழுதப்படுகிறது என்றால், ‘இந்தச் சொத்தை என் தாத்தா கிரயம் வாங்கினார், அப்படி இல்லையென்று நீதிமன்றம் கருதினால், 12 ஆண்டுக்கு மேல் அனுபவித்த வகையில் எனக்கே சொந்தம்’ என்று இரண்டு குதிரைகளிலும் கால் வைப்பார்கள். கர்நாடக வக்ஃப் வாரியம் மத்திய அரசுக்கு எதிராக நடத்திய வழக்கில், 2004இல் உச்ச நீதிமன்றம் இந்தப் போக்கைக் கண்டித்தது. கிரயத்தால் வந்த உரிமையும் எதிரிடை அனுபவமும் ஒன்றுக்கொன்று முரணானவை. முதலாவதைக் கைவிடாதவரை இரண்டாவது தொடங்கவே தொடங்காது என்றது. அதே தீர்ப்பு வழக்குரையில் எதையெல்லாம் எழுத வேண்டும் என்றும் சொன்னது: எந்தத் தேதியில் அனுபவத்துக்கு வந்தார், எந்த வகையில் வந்தார், அது எதிர்த்தரப்புக்குத் தெரியுமா, எத்தனை காலம் நீடித்தது, வெளிப்படையாகவும் இடையூறின்றியும் இருந்ததா. இந்த ஐந்தும் வழக்குரையிலேயே இருக்க வேண்டும். சாட்சி விசாரணையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் பிறகு சரிசெய்வது கடினம்.

‘சுமார் 20 ஆண்டுகளாக’ என்று எழுதும் பழக்கம் ஒரு நோய் என்றே சொல்வேன். 12 ஆண்டை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று தெரியாமல் நீதிபதி எப்படி எண்ணுவார்?

சான்றுகளிலும் தரம் உண்டு. அடங்கல், கிஸ்தி ரசீது, வீட்டு வரி, மின் இணைப்பு எல்லாம் அனுபவத்தைக் காட்டும். ஆனால் ஆண்டுக்காண்டு தொடர்ச்சியாக இருந்தால்தான் மதிப்பு. வழக்குக்கு முந்தைய மாதம் 10 ஆண்டு வரியை மொத்தமாகக் கட்டிய ரசீதை எந்த நீதிபதியும் ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார். பக்கத்து நிலத்துக்காரரின் சாட்சியம், ஆவணங்களோடு பொருந்தி வந்தால் நல்ல பலம். பட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை: வருவாய்த்துறைப் பதிவு உரிமையைத் தராது, பறிக்கவும் செய்யாது என்று உச்ச நீதிமன்றம் எத்தனையோ முறை சொல்லிவிட்டது. ஆனாலும் பட்டாவை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வருபவர்கள் குறையவில்லை.

அனுபவத்தைத் தொடர்ச்சியாகக் கூட்டிக்கொள்ளவும் வழியுண்டு. அப்பா 7 ஆண்டு, மகன் 5 ஆண்டு என்றால் 12 ஆகும், உரிமை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வந்திருந்தால். ஒருவர் விட்டுப்போன பிறகு சம்பந்தமே இல்லாத இன்னொருவர் புகுந்தால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து. இடையில் உரிமையாளருக்கு ‘இடத்தை எனக்கே விலைக்குக் கொடுங்கள்’ என்று ஒரு கடிதம் எழுதியிருந்தால், அதுவே எதிர்த்தரப்பின் முதல் ஆவணமாகிவிடும்.

கேடயமா, வாளா?

நீண்ட காலம் ஒரு குழப்பம் இருந்தது. உரிமையாளர் வழக்குப் போட்டால், ‘கெடு தாண்டிவிட்டது’ என்று தடுத்துக்கொள்ளலாம். அதில் யாருக்கும் ஐயமில்லை. அனுபவத்தில் இருப்பவரே நீதிமன்றத்துக்குப் போய், ‘எனக்கு உரிமை வந்துவிட்டது, அறிவியுங்கள்’ என்று கேட்கலாமா? பஞ்சாபின் சிர்தாலா கிராமப் பஞ்சாயத்துக்கு எதிராக ஒரு குருத்வாரா தொடுத்த வழக்கில், கேட்க முடியாது என்று 2013இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு சொன்னது. தற்காப்புக்கு மட்டுமே உதவும் என்பது அதன் நிலை.

2019 ஆகஸ்ட் 7 அன்று நீதிபதிகள் அருண் மிஸ்ரா, அப்துல் நசீர், எம்.ஆர். ஷா அடங்கிய மூவர் அமர்வு அதை மாற்றியது. 12 ஆண்டு நிறைந்து உரிமை முதிர்ந்தவர் வாதியாகவும் வரலாம்; அவரை யாராவது, பழைய உரிமையாளரே கூட, வெளியேற்றினால் சுவாதீனம் மீட்கவும் வழக்குப் போடலாம் என்றது. இது வாளாகவும் கேடயமாகவும் பயன்படும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பொதுப் பயன்பாட்டுக்கான இடங்களில் இப்படி உரிமை வராதபடி சட்டத்திலேயே தெளிவாக்குவது நல்லது என்றும் சேர்த்துச் சொன்னது.

இந்தத் தீர்ப்பு வந்தபோது ‘12 ஆண்டு இருந்தால் சொந்தம்: உச்ச நீதிமன்றம் அதிரடி’ என்று வாட்ஸ்அப்பில் ஓடியது. நிரூபிக்க வேண்டியவற்றில் ஒன்றைக்கூட அந்த அமர்வு குறைக்கவில்லை. யார் வழக்குப் போடலாம் என்பது மட்டும்தான் மாறியது.

தீர்ப்பு வந்த பிறகு என்ன நடக்கும்?

ஜெயித்தவர்களும் கோட்டைவிடும் இடம் இது. நீதிமன்றம் கேட்டதைத்தான் தரும், தந்ததைத்தான் நிறைவேற்றும்.

உரிமையாளர் போட்ட வழக்கு, எதிரிடை அனுபவத்தின் பேரில் தள்ளுபடியானது என்று வைத்துக்கொள்வோம். அனுபவத்தில் இருப்பவர் தப்பித்தார். அதே கேள்வியை உரிமையாளர் மறுபடி கிளப்பவும் முடியாது. ஆனால் அவர் கையில் தனக்கென்று ஒரு டிகிரி, அதாவது நீதிமன்றத்தின் தீர்ப்பாணை, கிடையாது. நாளைக்கு நிலத்தை விற்கவோ வங்கியில் அடமானம் வைக்கவோ போனால், ‘உங்கள் உரிமை எங்கே இருக்கிறது’ என்ற கேள்வி வரும். அதனால் எதிருரையோடு எதிர்க்கோரிக்கையும் வைத்து, அதற்கான நீதிமன்றக் கட்டணத்தையும் கட்டி, உரிமை விளம்புகை கேட்பது புத்திசாலித்தனம்.

தானே வாதியாகப் போகிறவர் மூன்று பரிகாரங்களில் தனக்கு எவை வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். முதலாவது விளம்புகை, அதாவது ‘இந்தச் சொத்து வாதிக்கு உரியது’ என்ற அறிவிப்பு. குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின் 34ஆவது பிரிவு இதைத் தருகிறது. வெறும் விளம்புகை டிகிரியை நிறைவேற்ற முடியாது. அது ஓர் உரிமையைச் சொல்கிறதே தவிர யாரையும் எதையும் செய்யச் சொல்லவில்லை. அனுபவம் கைவிட்டுப் போன நிலையில் விளம்புகையை மட்டும் கேட்டால் வழக்கே நிற்காது, சுவாதீனத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது.

இரண்டாவது நிரந்தர உறுத்துக்கட்டளை, அதாவது ‘இவருடைய அனுபவத்தில் தலையிடாதே’ என்ற தடை. அனுபவத்தில் இருப்பவர் விளம்புகையோடு இதையும் கேட்பார். பொதுவாக அத்துமீறி வந்தவர் உண்மையான உரிமையாளருக்கு எதிராக வெறும் உறுத்துக்கட்டளை பெற முடியாது. அதனால்தான் உரிமை முதிர்ந்துவிட்டது என்ற அறிவிப்பும் கூடவே தேவைப்படுகிறது. இந்த டிகிரியை மீறி ஒருவர் வேலியைப் பிடுங்கினால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21ஆவது கட்டளை, 32ஆவது விதிப்படி நிறைவேற்று மனு போடலாம். மீறியவரின் சொத்தை ஜப்தி செய்யலாம், உரிமையியல் சிறையிலும் வைக்கலாம். நிரந்தர உறுத்துக்கட்டளையை நிறைவேற்றக் கேட்பதற்குக் காலக்கெடு இல்லை.

மூன்றாவது சுவாதீன ஒப்படைப்பு. வெளியேற்றப்பட்டவர் கேட்க வேண்டியது இதைத்தான். டிகிரி கிடைத்ததும் பிரதிவாதி தானாகக் காலி செய்யாவிட்டால், 21ஆவது கட்டளை, 35ஆவது விதிப்படி இ.பி., அதாவது நிறைவேற்று மனு, தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்ற ஊழியரான அமீனா இடத்துக்கு வந்து, அளந்து, பூட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவோடு பூட்டை உடைத்து, ஒப்படைப்பார். தகராறு வரும் என்றால் போலீஸ் பாதுகாப்பு கேட்டுத் தனி மனு. அமீனா வந்த அன்றைக்குத்தான் எங்கிருந்தோ ஒருவர் முளைத்து, ‘நான் இவரிடம் வாங்கிவிட்டேன், வழக்கே எனக்குத் தெரியாது’ என்பார். அவர் உண்மையில் தனி உரிமை உள்ளவரா என்பதைப் புதிய வழக்கு இல்லாமல் அதே இ.பி.யிலேயே நீதிமன்றம் விசாரித்து முடிவு செய்யும். வழக்கு நடக்கும்போது தோற்றவரிடம் வாங்கியவர் என்று தெரிந்தால் அவருடைய தடை எடுபடாது. சுவாதீன டிகிரியை நிறைவேற்ற 12 ஆண்டு அவகாசம் உண்டு.

இதில் ஒரு சின்ன விஷயம் பெரிய தலைவலியாகும்: சொத்து விவரம். சர்வே எண், உட்பிரிவு, நான்கெல்லை, நீள அகலம் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் அமீனா எதை ஒப்படைப்பார்? எதிரிடை அனுபவ வழக்குகளில் பெரும்பாலும் ஒரு சர்வே எண்ணின் துண்டுப் பகுதிதான் தகராறு. எனவே வழக்கு நடக்கும்போதே வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கச் சொல்லி, சர்வேயரோடு அளந்து வரைபடம் வாங்கி, அதை டிகிரியோடு இணைத்துக்கொள்வது நல்லது. டிகிரி கைக்கு வந்த பிறகு தாசில்தாரிடம் பட்டா மாற்றத்துக்கு மனு போடலாம். உரிமைத் தகராறைத் தீர்க்கும் அதிகாரம் தாசில்தாருக்குக் கிடையாது. உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்கு அவர் கட்டுப்பட்டவர். மேல்முறையீட்டில் தடையாணை இருந்தால் மட்டும் கோப்பு நகராது.

அரசு, கோயில், வக்ஃப்

புறம்போக்கில் 30 ஆண்டு இருந்தால் சொந்தம் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கெடு 30 ஆண்டுதான், ஆனால் அரசு நிலத்தில் நீதிமன்றம் கேட்கும் சான்று பல மடங்கு கடுமையானது. 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி வரும் ‘பி மெமோ’ என்ற நோட்டீஸை ஆவணமாக அடுக்கி வைத்திருப்பவர்கள் உண்டு. அந்த மெமோ ஒருவர் அங்கே இருந்தார் என்று காட்டும். அதே மூச்சில் அவரை ஆக்கிரமிப்பாளர் என்றும் சொல்லும். ஏரி, குளத்துக்கு 2007ஆம் ஆண்டின் தனிச் சட்டம் வேறு இருக்கிறது. கோயில் நிலமென்றால், இந்து சமய அறநிலையச் சட்டம், 1959இன் 109ஆவது பிரிவு காலக்கெடு வாதத்துக்கே இடம் தராது. வக்ஃப் சொத்துக்கும் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 107ஆவது பிரிவில் இத்தகைய காப்பு இருந்தது. 2025ஆம் ஆண்டுத் திருத்தம் அதை எடுத்துவிட்டது.

தலைகீழாக, அரசே குடிமகனின் நிலத்தில் 12 ஆண்டு இருந்துவிட்டு உரிமை கேட்கலாமா? இமாச்சலப் பிரதேசத்தில் 1967 வாக்கில் ஓர் ஏழைக் கைம்பெண்ணின் நிலத்தைக் கையகப்படுத்தும் நடைமுறை எதுவுமின்றி எடுத்துச் சாலை போட்டார்கள். 40 ஆண்டுக்குப் பிறகு அவர் நீதிமன்றம் வந்தபோது, எதிரிடை அனுபவத்தால் நிலம் எங்களுடையதாகிவிட்டது என்று மாநில அரசு வாதாடியது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்து இழப்பீடு தரச் சொன்னது. மக்கள்நல அரசு தன் மக்களுக்கு எதிராக இந்த வாதத்தை எடுக்கக் கூடாது என்பதுதான் காரணம். ஹரியானாவில் காவல்துறையே இப்படி ஒருவரின் நிலத்தைக் கேட்டு 2011இல் கடும் கண்டனம் வாங்கிக்கொண்டது. காவல் காக்க வேண்டியவர்கள் காலக்கெடுவைக் காட்டி நிலம் கேட்டார்கள் என்பதை இப்போது படித்தாலும் நம்ப முடியவில்லை.

இலங்கையில் கெடு இன்னும் குறைவு. 1871ஆம் ஆண்டு 22ஆம் இலக்கக் காலவரையறைக் கட்டளைச் சட்டத்தின் 3ஆவது பிரிவுப்படி தனியார் காணிக்கு 10 ஆண்டு. போரில் இடம்பெயர்ந்த வடக்கு கிழக்கு மக்களின் காணிகளில் வேறு ஆட்கள் குடியேறி 10 ஆண்டைத் தாண்டியபோது இந்தச் சட்டம் எப்படிக் கடித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்காகவே 2016இல் 5ஆம் இலக்கச் சிறப்பு ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் ஆயுதக் குழுக்களின் நடவடிக்கையால் தங்கள் உரிமையைக் கோர முடியாமல் போனவர்களுக்கு, அந்தக் காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட அது வழி செய்தது.

இப்படி ஒரு சட்டமே இருக்க வேண்டுமா என்ற கேள்வியும் பழையதுதான். 2008இல் உச்ச நீதிமன்றம், இது பகுத்தறிவுக்கும் தர்க்கத்துக்கும் பொருந்தாதது, உரிமையாளருக்கு மிதமிஞ்சிய கேடு செய்வது என்று கூறி, மத்திய அரசை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. 2023இல் சட்ட ஆணையம் தன் 280ஆவது அறிக்கையில் மாற்றம் தேவையில்லை என்று முடிவு செய்தது. பதவிவழி உறுப்பினர்கள் இருவர் மட்டும் அதற்கு உடன்படவில்லை. என் கருத்தைக் கேட்டால், சட்டத்தை எடுத்துவிடுவதைவிடத் தெரிந்தே புகுந்தவரையும், குறைபாடுள்ள பத்திரத்தை நம்பி நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியவரையும் அது பிரித்துப் பார்க்க வேண்டும். இன்றைய சட்டத்தில் முதலாமவருக்குத்தான் வசதி அதிகம், ஏனென்றால் அவர் தன் எதிர்ப்பை மறைப்பதே இல்லை.

உரிமையாளர் பக்கத்தில் நிற்பவர்களுக்குச் சில செய்திகள். வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் கெடு நிற்காது. போலீஸில் புகார் கொடுத்தாலும் நிற்காது. உரிய நேரத்தில் சுவாதீனம் கேட்டு வழக்குப் போட்டால்தான் நிற்கும். நிலத்தை இன்னொருவருக்கு விற்றாலும் கெடு புதிதாகத் தொடங்காது, வாங்கியவர் பழைய கணக்கோடுதான் வாங்குகிறார். வில்லங்கச் சான்றிதழில் எதிரிடை அனுபவம் தெரியாது. நிலத்தை நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். உரிமையாளர் மைனராக இருந்திருந்தால், 12 ஆண்டு முடிந்துபோனாலும் வயதுக்கு வந்தபின் 3 ஆண்டு வரை வழக்குப் போடலாம். சமீபத்தில்தான் வெளியேற்றப்பட்டீர்கள் என்றால், 6 மாதத்துக்குள் குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின் 6ஆவது பிரிவில் வழக்குப் போடலாம். அதில் யாருக்கு உரிமை என்ற விசாரணையே கிடையாது. நேற்றுவரை யார் இருந்தார், யார் சட்டத்தை மீறி வெளியேற்றினார் என்பது மட்டும்தான். அரசுக்கு எதிராக மட்டும் இந்த வழி செல்லாது.

பத்திரம் கையில் உள்ள உரிமையாளருக்கு 1963ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பெரிய உதவியும் செய்திருக்கிறது. பழைய சட்டத்தில், வெளியேற்றப்பட்ட உரிமையாளர் கடந்த 12 ஆண்டுக்குள் தான் நிலத்தில் இருந்ததாக நிரூபிக்க வேண்டியிருந்தது. இப்போது அவர் தன் உரிமையை நிரூபித்தால் போதும். எதிரிடை அனுபவத்தின் தொடக்கத் தேதியிலிருந்து கடைசி நாள்வரை நிரூபிக்கும் பாரம் முழுவதும் உள்ளே இருப்பவர் தலையில்.